சிவப்பு அடித்த குடம்

இதை எழுதும்போதும் இடது கை மேஜையைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கையை நிறுத்தினால் கால் ஆரம்பித்துவிடும். ஐந்தாம் வகுப்பில் பாதி நாள் நான் வெளியில்தான் நின்றேன், பெஞ்சில் தாளம் போட்டதற்காக. நின்ற இடத்திலும் சுவரைத் தட்டினேன். இவளுக்குப் படிப்பு ஏறாது என்று டீச்சர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டில் பெட்டி ஒட்ட உட்கார வைத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். நாள் முழுக்க ஒரே இடத்தில் என்னால் எப்படி உட்கார முடியும்?

அந்த வருஷம் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு வைத்தார்கள். எல்லோரும் பாடுகிறவரைப் பார்த்தார்கள். நான் குடம் அடிக்கிறவரைப் பார்த்தேன். மண்குடத்தின் வாயில் தட்டி என்கிற தட்டை மட்டையால் ஓர் அறை, வயிற்றில் விரலால் இரண்டு தட்டு. அந்தத் 'தொம்' நேராக என் நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. சும்மா இருக்கத் தெரியாத கைக்கும் உலகத்தில் ஒரு வேலை இருக்கிறதே!

எங்களிடம் ஐந்து பிளாஸ்டிக் குடங்கள் இருந்தன. கோவில்பட்டியில் அப்போது எங்கள் தெருக்குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் நல்ல தண்ணீர். எனக்கும் அம்மாவுக்கும் குடிக்க, சோறு பொங்க, எல்லாவற்றுக்கும் அந்த ஐந்து குடம்தான். குளிக்கவும் துவைக்கவும் அடிபம்பு உப்புத் தண்ணீர்.

கொடை முடிந்த மறுநாள் காலியாக இருந்த பச்சைக் குடத்தை எடுத்துக் கையால் அறைந்தேன். சத்தம் சப்பென்று இருந்தது. அட்டை, விசிறி, கணக்கு நோட்டு, ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் வார் அறுந்த ரப்பர் செருப்பு ஒன்று கிடைத்தது. அடித்தேன். அதே 'தொம்'! அதற்குப் பிறகு நான் எங்கே நிறுத்தினேன்? வேலை முடிந்து அம்மா வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

"ஏட்டி! குடிக்கத் தண்ணி புடிக்கிற கொடத்தச் செருப்பாலயா அடிக்க?"

அந்தச் செருப்பே என் முதுகில் விழுந்தது. குடத்தைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

காலையில் பார்த்தால், குடத்தின் கழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்ட்.

"இது இனிமே தண்ணிக்கு ஆகாது. நீயே வச்சு அடிச்சுக்க. மத்த கொடத்துல கை வச்ச, கைய ஒடிச்சிருவேன்."

பள்ளிக்குப் போகுமுன் அடித்தேன், வந்ததும் அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் திட்டத் திட்ட அடித்தேன். கை அங்கே தன் வெறியைத் தீர்த்துக்கொண்டதால் வகுப்பில் ஓரளவு அடங்கியது. நான் உட்கார்ந்தேன், காது கொடுத்தேன், பாஸானேன். பெட்டி ஒட்டும் பேச்சே வரவில்லை.

ஆனால் நாலு குடத்தில் பத்து நாள் ஓட்ட வேண்டுமே. எட்டாம் நாளிலிருந்து அம்மா வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டாள். "ஆபீஸ்லயே குடிச்சிட்டு வந்துட்டேன்" என்பாள். பொய் என்று எனக்குத் தெரியும். செருப்பால் ஒரு குடத்தைக் கெடுத்த பாவி நான்தானே என்று மனது குத்தும். குத்தினாலும் அடிப்பதை விடவில்லை.

இப்போது நானே ஒரு வில்லிசைக் குழுவில் குடம் அடிக்கிறேன். போன வருஷம் நாகலாபுரத்தில் மதியக் கொடை முடிந்து அம்மாவும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். என் மடியில் மண்குடம், விரல்கள் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தன. எத்தனையோ வருஷமாகக் கேட்க நினைத்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"யம்மா, அந்தப் பச்சைக் கொடத்த சோப்புப் போட்டுக் கழுவியிருந்தா தண்ணிக்கு ஆயிருக்குமேம்மா?"

"கழுவுனேனே. அன்னைக்கே மூணு தடவ தேச்சுக் கழுவிட்டேன். தண்ணி ஊத்திக் குடிச்சுங்கூடப் பாத்தேன்."

"பெறவு ஏன் செவப்பு அடிச்ச?"

"உள்ள வந்தா, நீ அழுதுட்டே தூங்கிட்ட. தூக்கத்துலயும் தொடையத் தட்டிக்கிட்டே கெடந்தட்டி."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குடத்தைக் கெடுத்த பாவி நான்தான் என்று இத்தனை வருஷம் நம்பவிட்டாளே என்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோவில்பட்டி வரும்வரை என் கை எங்கேயும் தட்டவில்லை.