சுண்டுவிரல் பக்கம்

சிவகாசிப் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதும் நான்தான். கம்பிக்கூட்டில் துணி சுற்றி, மூக்கை மூடி, சொட்டுச் சொட்டாக ஈதர் விடுவதில் என் கைக்கு ஒரு பேர் இருந்தது. “அந்தம்மா மயக்கம் குடுத்தா பயமில்லை” என்று எம். புதுப்பட்டி வரைக்கும் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு டாக்டரம்மா வந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். வந்த வாரமே பட்டாசுக் கம்பெனியிலிருந்து கை கருகிய ஒருவனைத் தூக்கி வந்தார்கள். நான் ஈதர் பாட்டிலை எடுத்தேன்.

“வேண்டாம் சிஸ்டர். கையை மட்டும் மரத்துப்போக வச்சிரலாம்” என்றாள்.

அவன் கழுத்தோரம், காறை எலும்புக்கு மேலே ஊசியை இறக்கினாள். விரலுக்குக் கரண்டு அடித்த மாதிரி ஓடினால் சொல்லச் சொன்னாள். “ஓடுது” என்றதும் மருந்தை ஏற்றினாள். கால் மணி நேரத்தில் அந்தக் கை யாருடையதோ போலக் கிடந்தது. அவள் கருகிய தோலை வெட்டி எடுக்க, அவன் தீபாவளி ஆர்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்தான். என்னிடம் மயங்கியவர்கள் பொழுது சாயும்வரை வாந்தி எடுப்பார்கள்.

அதன்பிறகு வருகிறவர்கள் எல்லாம், “மரத்துப்போற ஊசி போடுற டாக்டரம்மா இருக்காகளா?” என்றுதான் கேட்டார்கள். எனக்கு நோயாளியின் தலைமாட்டில் நின்று பேச்சுக் கொடுக்கும் வேலை மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினாலும் அந்த ஊசிதான் தெரிந்தது. அது ஒரு நாள் தப்பாதா என்று நினைப்பேன். நினைத்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து பாட்டும் பாடுவேன்.

ஒரு நாள் தப்பியது.

ஆமத்தூர்க்காரி ஒருத்தி, வெடிக்குத் திரி வைக்கிறவள், சுண்டுவிரல் சிதைந்து வந்தாள். டாக்டரம்மா ஊசி போட்டு, கட்டைவிரலில் குண்டூசியால் குத்திப் பார்த்தாள். உணர்ச்சி இல்லை. கத்தியை எடுத்தாள். சுண்டுவிரல் பக்கம் கத்தி பட்டதும் அந்தப் பெண்ணின் புருவம் சுருங்கியது. மறுகையால் விரிப்பைப் பற்றிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பக்கம் மரத்துப்போகவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் மனசு குளிர்ந்தது. அதை வேறு எப்படிச் சொல்ல? பேசாமல் நின்றேன். அவள் கண்ணீர் காதுக்குள் இறங்கிய பிறகுதான் என் வாய் திறந்தது.

“டாக்டர், நிறுத்துங்க. இவங்களுக்கு வலிக்குது.”

டாக்டரம்மா பதறிக் கையை எடுத்தாள். “ஏம்மா சொல்லலை?”

“ஊசி போட்டாலும் இம்புட்டு வலிக்கும்போலன்னு நெனச்சேன்” என்றாள் அந்தப் பெண்.

முழங்கையின் உள்பக்கம், சுண்டுவிரலுக்குப் போகிற நரம்போரம் இன்னொரு ஊசி போட்டு, காத்திருந்து, மிச்சத்தை வலியில்லாமல் முடித்தாள். வார்டுக்குக் கொண்டுபோனபோது அந்தப் பெண் நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க பாத்துச் சொல்லலைன்னா என் கதி என்னக்கா?”

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. நேரே போய், கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

“அவளுக்கு வலிக்கறது எனக்கு முன்னாடியே தெரியும். வேணும்னுதான் சொல்லலை.”

அவள் திரும்பவில்லை. “எம்புட்டு நேரம்?”

“நாலு மூச்சு இருக்கும்.”

துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். “கட்டைவிரலை மட்டும் பாத்தது என் தப்பு. இனிமே குண்டூசியை நீங்க பிடிங்க. அஞ்சு விரலும் பாத்து நீங்க சரின்னு சொன்னாத்தான் நான் கத்தியைத் தொடுவேன்” என்றாள்.

அவள் மாற்றலாகிப் போகிறவரை அப்படித்தான் நடந்தது. அத்தனை நாளும் அந்த மேஜையில் யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கவில்லை. பொறாமை மட்டும் போகவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் போயிருக்குமோ என்னவோ. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் குண்டூசியைக் கொடுத்திருக்க மாட்டேன். அது தெரிந்ததிலிருந்து அவள் ஊசியைவிட அவள் குணத்தின்மேல்தான் எனக்கு வயிறு எரிந்தது.