வெள்ளை மணி வைத்த துப்பாக்கி

போன மாதம் மலாக்கா டவுனில் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரப் பெண் ஒரு கறுப்புத் தகட்டை என் வலது கண்ணுக்கு முன்னால் பிடித்து, நடுவில் இருந்த ஊசித் துளை வழியாகச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். அதுவரை கலங்கிக் கிடந்த கடைசி வரி பளிச்சென்று தெரிந்தது. "பாத்தீங்களா அங்கிள், கண்ணுல கோளாறு இல்ல. பவர்தான் மாறியிருக்கு" என்றாள். நான் தகட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கிழவனுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பாள். சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால் மங்கின கண்ணும் தெரியும் என்பது எனக்கு இருபத்திரண்டு வயதிலேயே தெரியும். அதை நான் தெரிந்து வைத்திருந்ததால் ஒரு மனிதர் செத்துப்போனார்.

எங்கள் எஸ்டேட் அலோர் காஜாவிலிருந்து உள்ளே, பெரிய காட்டை ஒட்டி இருந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் அவசரகாலச் சட்டம் வந்ததும், தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்கு எங்களிடமிருந்து ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாது என்பதுதான் நோக்கம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டை மூடுவார்கள். அதற்குப் பிறகு வேலிக்கு வெளியே யார் நடமாடினாலும் சுடலாம் என்று உத்தரவு. நான் அந்த லயத்திலேயே பிறந்து, டவுனில் இங்கிலீஷ் படித்து, அதே எஸ்டேட் ஆபீசில் சின்னக் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக உட்கார்ந்தவன். எனக்கு அப்போது இருந்த தலைக்கனத்தை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

எஸ்டேட்டில் பன்றி சுடுகிறவர் ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். துரையின் பழைய வேட்டைத் துப்பாக்கியைத் தினமும் ஆபீசில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவார். விசையைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும், அந்த மாதிரித் துப்பாக்கி. இளங்கன்றுகளைத் தோண்ட வரும் பன்றிகளை அதில்தான் சாய்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் முழுக்கக் கறி மணக்கும்.

வேலியைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் போதவில்லை. துரை இவரையும் காவலுக்குப் போட்டார். ஓடைப் பள்ளத்தில், வேலி தாழ்ந்திருந்த இடத்தில், சாயங்காலம் உட்கார வேண்டும். அந்தப் பள்ளம் வழியாகத்தான் சோறு வெளியே போய்க்கொண்டிருந்தது. கொண்டுபோனவர் எங்கள் லயத்தில் பால்மரம் வெட்டுகிறவர். அவருடைய கூடப்பிறந்த தம்பி காட்டுக்குள் போயிருந்தான். பால் வாளிக்குள் அவித்த மரவள்ளியையோ சோற்றையோ வைத்து, மேலே வடிகட்டுகிற துணியைப் போட்டு மூடி, வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் திரும்புவார். லயத்தில் இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

பன்றிக்கார அண்ணன் இரண்டு தடவை அவரைப் பார்த்து, இரண்டு தடவையும் மரக்கிளையைச் சுட்டார். கான்ஸ்டபிள்களுக்குத் தலைவராக இருந்த வெள்ளைக்காரச் சார்ஜன்ட் காரணம் கேட்டபோது, கண் மங்கிவிட்டது, துப்பாக்கியும் சரியில்லை என்றார். அடுத்த வாரம் அண்ணன் கால்வாயில் விழுந்ததில் துப்பாக்கியின் சைட்டு போய்விட்டது. சைட்டு என்றால் குறி பார்க்கிற இரும்பு. குழலின் நுனியில் ஒன்று, பின்னால் ஒன்று. நுனியில் இருந்தது உடைந்து காணாமல் போயிருந்தது, பின்னால் இருந்தது வளைந்து கிடந்தது. புதிதாக வாங்கி வா என்று துரை என்னிடம் போலீஸ் பெர்மிட்டையும் கடிதத்தையும் கொடுத்தார்.

நான் கிளம்புகிற காலையில் அண்ணன் பஸ் நிற்கும் இடத்துக்கே வந்தார். "தம்பி, பழைய மாதிரியே ஒண்ணு வாங்கிட்டு வா. இல்லாட்டி கெடைக்கலன்னு சொல்லிடுலா. ஒண்ணும் அவசரம் இல்ல."

சிக்கனமான மனிதர், துரைக்குச் செலவு வைக்கத் தயங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் நான் படித்த இங்கிலீஷ் எனக்குக் கொடுத்த புத்தி.

டவுனில் துப்பாக்கிக் கடை முதலாளியான சீனத் தவுக்கே மூன்று விதமான பின் சைட்டுகளைக் கண்ணாடிமேல் எடுத்து வைத்தார். ஒன்று பழைய மாதிரி, மாட்டுக் கொம்புபோல இரண்டு பக்கமும் வளைந்து நடுவில் பள்ளம் உள்ளது. இன்னொன்று தட்டையான மேல்விளிம்பில் சின்ன வெட்டு. மூன்றாவது ஒரு வட்டத் தகடு, நடுவில் ஓட்டை. அது குழல்மேல் உட்காராது, பின்னால் தள்ளி, கண்ணுக்குப் பக்கத்தில் திருகாணியால் பூட்ட வேண்டும். வயசான கண்ணுக்கு முதல் இரண்டும் கலங்கித் தெரியும், ஓட்டை மட்டும் ஏமாற்றாது என்று தவுக்கே மலாயில் சொன்னார். எனக்கு உடனே பொறி தட்டியது. துப்பாக்கி வாங்கும்போது அண்ணன் எங்கள் நோட்டுப் புத்தகத்தைக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்துத்தான் கையெழுத்துப் போடுவார். அவர் சொன்ன கண் கோளாறு பொய் இல்லை. அதற்கு மருந்து இதோ என் கையில்.

நுனி சைட்டுக்கும் மூன்று தினுசு இருந்தது. வெறும் கறுப்பு இரும்பு, நுனியில் பாசிமணி அளவுக்குப் பித்தளை மணி வைத்தது, அதே அளவில் தந்தத்தில் செய்த வெள்ளை மணி வைத்தது. நான் கடை வாசலுக்குப் போய் நிழலில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். ரப்பர் மரத்தடியில் வெளிச்சம் சீக்கிரம் செத்துவிடும், கறுப்பு தெரியாது, பித்தளையும் மங்கும். வெள்ளை மணிதான் கடைசிவரை தெரிந்தது. பெண்ணுக்கு நகை எடுக்கிறவன்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டான். சந்தோஷமாக இருந்தது எனக்கு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சின் கொட்டாயில் மிஷின் பார்க்கிற பிட்டர் இரண்டையும் பூட்டிக்கொடுத்தார். பழைய நுனி சைட்டின் அடிப்பாகத்தைக் கழற்றியபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "தம்பி, இது விழுந்து ஒடைஞ்சது இல்ல. அறுத்திருக்கு. ரம்பத் தடம் பாரு." நான் பார்த்தேன். தடம் இருந்தது. பிட்டர்களுக்கு எதைப் பார்த்தாலும் தங்கள் வேலையாகத்தான் தெரியும் என்று நினைத்து விட்டுவிட்டேன். சோறு கொண்டுபோகிறவரையும் இந்த ரம்பத் தடத்தையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரப்பர் கட்டை ஒன்றின்மேல் பிஸ்கட் டின் மூடியை ஆணியடித்து வைத்துச் சுட்டுப் பார்த்தோம். துரை வரவில்லை, சார்ஜன்ட் வந்திருந்தார். அண்ணன் மூன்று தோட்டா சுட்டார். ஒன்றும் படவில்லை. "கண்ணு தெரியலைங்க" என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் முன்னால் போய் சார்ஜன்டிடம் இங்கிலீஷில் விளக்கினேன். இவருக்குக் கிட்டத்தில் இருப்பதுதான் மங்கல், தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிறது, இந்த ஓட்டை அதைச் சரிசெய்துவிடும், வெள்ளை மணி அந்தி வெளிச்சத்திலும் தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சார்ஜன்ட் துப்பாக்கியை வாங்கித் தானே மூன்று முறை சுட்டார். மூடியில் மூன்று ஓட்டை. "நல்ல வேலை செய்திருக்கிறாய்" என்று என் தோளைத் தட்டிவிட்டு, துப்பாக்கியை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்து, மறுபடியும் சுடச் சொன்னார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். பிறகு சுட்டார். நடு மூடியில் பட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கி என்ன பயன்? சோறு கொண்டுபோகிறவரிடம் போய் இனிமேல் போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கும் தெரியும் என்று ஆகிவிடும், என்னையும் தூக்கி உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். நான்கு நாள் பயந்துகொண்டே இருந்தேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் சார்ஜன்ட் தானே பள்ளத்துக்குப் போய் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறேகால் இருக்கும். ஆபீசில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சோறு கொண்டுபோனவர் ஓடைக் கரையில் கிடந்தார். தொடையில் குண்டு. வாளி கவிழ்ந்து மரவள்ளி தண்ணீரில் மிதந்தது. அவர் மனைவி தலைத்துணியை அவிழ்த்துத் தொடையைக் கட்டினாள், அது நனைந்ததும் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். ஆறு மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு லாரி வெளியே போக வேண்டுமென்றால் அலோர் காஜாவிலிருந்து காவல் வண்டி வர வேண்டும். வந்தது. அதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் விடியற்காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கூப்பிட்டது நான்தான். பழக்கத்தில் அவர் பேரையும் கூப்பிட்டுவிட்டேன். இருநூறு பேர் நின்றார்கள். அந்தப் பேரின்மேல் கோடு போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.

வெயில் ஏறின பிறகு அண்ணன் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க ஆபீசுக்கு வந்தார். மேசைமேல் வைத்தார். வெள்ளை மணி என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. "அண்ணே" என்றேன்.

"சாகட்டும்னு சுடல தம்பி" என்றார். "பக்கத்துல அந்த ஆளு ஒக்காந்திருக்கான், சும்மாவும் இருக்க முடியல. கால்லதான் வெச்சேன். எங்க வெச்சேனோ அங்கதான் பட்டுச்சி. நல்ல சைட்டு."

நோட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதை எடுத்துக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்து, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டைத் தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. நான்தான் விரலை வைத்துக் காட்டினேன்.