பேஸ் வராத பெட்டி

ஸ்பீக்கரைப் பெட்டியில் பொருத்துவது இரண்டு ஆள் வேலை. இதை எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இரண்டாவது ஆளுக்கு நான் எங்கே போயிருப்பேன்?

மனைவி கனடாவில் இருந்தாள். மகளின் பிரசவத்துக்கு இரண்டு பேருமாகத்தான் போனோம். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி நான் மட்டும் திரும்பிவிட்டேன். உண்மையில் ஒத்துக்கொள்ளாதது குளிர் இல்லை, அடுத்தவர் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பேரனுக்குப் பல் முளைக்கட்டும், வந்துவிடுகிறேன் என்றாள். பிறகு நடக்கட்டும் என்றாள். பையன் இப்போது ஓடுகிறான்.

ரிட்டயரானதும் கைலாசபுரத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் ஃபிளாட் வாங்கியது அவளுடைய யோசனை. தண்ணீர் நன்றாக இருக்கும், கடை கண்ணி எல்லாம் நடக்கிற தூரம் என்றாள். எல்லாம் நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது, நாங்கள் போகும் சர்ச்சைத் தவிர. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் காவிரிப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போக வேண்டும். அங்கே பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவன் நான். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த வேலையை என்னிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. எனக்கும் விட்டுக்கொடுக்கும் உத்தேசம் இல்லை.

இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். மழைக்காலத்தில் சளி பிடித்துக் காது அடைத்தது. தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் போனேன். சளிக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிப் பரிசோதனையும் செய்தார். "மெல்லிசான, உச்சத்துல இருக்கிற சத்தமெல்லாம் உங்களுக்குக் குறைஞ்சிருக்குங்க. வயசாகுதில்ல. மத்ததும் குறையுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார். பஸ் டிக்கெட் வாங்குகிற மாதிரிச் சாதாரணமாகத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் மனதுக்குள் ஒன்றை முடிவு செய்தேன். மற்றதும் குறைந்தால், பிறர் முகம் சுளிப்பதற்கு முன்னால் நானே கிட்டாரைக் கீழே வைத்துவிட வேண்டும்.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது சர்ச்சில் இருந்த ஸ்பீக்கர் பெட்டி கரகரவென்று இழுக்க ஆரம்பித்தது. புதிதாக ஒன்று நானே செய்து தருகிறேன் என்று வாயை விட்டேன். வேலை இருந்தால் பொழுது போகும் என்ற சுயநலம்தான். பாலக்கரையில் ஒரு கடையில் பிளைவுட்டை அளவு சொல்லி அறுத்து வாங்கினேன். முன்பலகையில் இரண்டு வட்டங்களையும் அவர்களே வெட்டிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு. எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, "டிவி ஸ்டாண்டாங்க?" என்று டிரைவர் கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு, சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அன்றைக்கு என்னிடம் கேள்வி கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

பலகைகளைப் பின்பக்கம் மட்டும் திறந்திருக்கும் பெட்டியாக அடித்து, நிறுத்தி வைத்து ஸ்பீக்கரைப் பொருத்தப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு கை அதைத் தாங்க வேண்டும், முன்பக்கம் ஒரு கை போல்ட்டைத் தள்ள வேண்டும், மூன்றாவதாக ஒரு கை நட்டைச் சுற்ற வேண்டும். ஸ்பீக்கர் காந்தத்தின் கனத்தில் சரிந்து என் கால் கட்டைவிரலில் உட்கார்ந்தது. நான் சொன்ன வார்த்தையைப் பூசைக்குப் போகிறவன் சொல்லக்கூடாது. பிறகு புத்தி வந்தது. போல்ட்டுகளை முன்பக்கத்திலிருந்து சொருகி, வெளியே வராமல் டேப் ஒட்டி, பெட்டியைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்தேன். அடியில் அவளுடைய தலையணை. போல்ட்டுகள் உள்ளே மேல்நோக்கி நின்றன. ஸ்பீக்கரை அவற்றின் மேல் இறக்கி, நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். ஒரே பக்கமாக முடுக்கினால் சட்டம் கோணிக்கொள்ளும். அன்று ராத்திரி பெட்டி கட்டிலில் அவள் பக்கம் படுத்திருந்தது, நான் என் பக்கம் படுத்தேன்.

ஒயரை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒயர் கோக்கும் முனைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி, இரண்டாவதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டிருந்தேன். நடுவில் ஒரு சாண் ஒயர் போதும். இடது முனையை இடது முனையோடும், வலதை வலதோடும் சேர்த்துச் சால்டரிங் செய்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் ஜோடியை முதல் ஸ்பீக்கரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈயம் பளபளவென்று உட்கார்ந்தது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

ஆம்ப்ளிஃபயரை முடுக்கி, கிட்டாரின் தடித்த கம்பியைத் தட்டினேன். சத்தம் வந்தது, ஆனால் அதில் சதை இல்லை. தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி வந்தது. அடித்தொனியைக் கூட்டுகிற பேஸ் குமிழை முழுக்கத் திருகினேன். அப்படியேதான் இருந்தது. பெட்டியைச் சுவரோரம் வைத்தேன், மூலையில் வைத்தேன், நாற்காலி மேல் வைத்தேன். வயிற்றில் வந்து மோத வேண்டிய சத்தம் மோதவே இல்லை.

மற்றதும் குறையுதான்னு பார்த்துக்கணும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. பெட்டியில் குறையா, காதில் குறையா? பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. "உனக்கு எப்படிக் கேக்குது?" என்று கேட்டால் தீர்ந்தது. ஒரே ஒரு ஜோடிக் காதுதான் எனக்கு வேண்டியிருந்தது, அது இந்த வீட்டில் இல்லை.

மாலையில் மனைவி போன் செய்தாள். அங்கே அப்போது விடிகாலை. போனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு வாசித்தேன்.

"நல்லாத்தான் இருக்குங்க" என்றாள்.

"பேஸ் வருதா?"

"எல்லாம் வருது. சாப்டீங்களா?"

கட்டைவிரல் அளவு ஸ்பீக்கர் உள்ள போனில் பேஸ் எப்படி வரும்? முட்டாள்தனமான பரிசோதனை. ஆனாலும் அவள் மேல் கோபம் வந்தது. சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

மறுநாள் காலையில் பெட்டியை ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துக் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இழுத்தேன். நடுவில் இருந்த அந்தச் சாண் ஒயர் பிய்த்துக்கொண்டது. இரண்டாவது ஸ்பீக்கர் ஊமையானது. எரிச்சலில் கிட்டார் கம்பியை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். பேஸ் கும்மென்று வந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. ஒரு ஸ்பீக்கர் தனியாகக் கொடுக்கிற சத்தத்தை இரண்டு சேர்ந்து கொடுக்கவில்லை என்றால், குறை என் காதில் இல்லை.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளச் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். பேட்டரியை ஸ்பீக்கரின் முனைகளில் தொட்டால் காகிதக் கூம்பு ஒரு மயிரிழை வெளியே தள்ளும், அல்லது உள்ளே இழுக்கும். இதற்கும் பின்னால் ஒருவர் தொட, முன்னால் ஒருவர் பார்க்க வேண்டும். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி தரையில் உட்கார்ந்தேன். வலது கை பின்பக்கம் பேட்டரியோடு, இடது உள்ளங்கை முன்பக்கம் கூம்பின் மேல், கன்னம் பிளைவுட்டில். யாராவது பார்த்திருந்தால் கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள். நான் ஒயர் கோத்த அதே வரிசையில் பேட்டரியைத் தொட்டேன். முதல் கூம்பு உள்ளங்கையைத் தள்ளியது. இரண்டாவது விலகிப் போனது.

திருப்பிப் போட்ட ஸ்பீக்கரில் இடது என்பது வலது. பிளஸும் மைனஸும் இடம் மாறியிருந்தன. ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்து, பேஸை இரண்டுமாகச் சேர்ந்து விழுங்கிக்கொண்டிருந்தன. பிளஸ் முனையில் வைத்திருந்த சிவப்புப் பொட்டைப் பார்க்காமல் இடது வலது பார்த்த புத்திசாலி நான். ஒயரை மாற்றிச் சால்டரிங் செய்து வாசித்தேன். தரையெல்லாம் அதிர்ந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். சாயங்காலம்வரை வாசிப்பதை நிறுத்தவே இல்லை.

வாசல் மணி அடித்தது. எதிர் ஃபிளாட்காரர். மார்கழி பிறந்ததிலிருந்து விடிவதற்கு முன்பே நாமம் இட்டுக்கொண்டு சன்னதிக்குக் கிளம்பிவிடுகிறவர். லிஃப்டில் பார்த்தால் ஒரு தலையாட்டலோடு சரி, நாங்கள் அதற்கு மேல் பேசியது கிடையாது.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்கோ. எங்காத்து அலமாரியில வெள்ளிப் பாத்திரமெல்லாம் கிடுகிடுன்னு ஆடறது."

"நிஜமாவா? நல்லா ஆடுதுங்களா?" என்றேன். என் சந்தோஷத்தைப் பார்த்து அவர் ஒரு அடி பின்னால் போனார். உள்ளே கூட்டிவந்து பெட்டியைக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"வாத்தியம் அழகா இருக்கு. ஆனா இந்த கீன்னு ஒரு சத்தம் வர்றதே, அதுதான் என்னவோ பண்றது."

நான் கிட்டாரைத் தொடவே இல்லை. பெட்டி சும்மா இருந்தது.

"இப்பவா?"

"இப்பதான். விடாம கேக்கறதே. காதைத் துளைக்கறது சார், உங்களுக்குக் கேக்கலையா?"

பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். ஒன்றுமில்லை. மறு காதையும் வைத்துப் பார்த்தேன். மழுப்பியிருக்கலாம். "எனக்கு அது கேக்காதுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணொண்ணா அணைச்சுண்டு வாங்கோ. நான் சொல்றேன்."

ஃபேனை அணைத்தேன். இருக்கு என்றார். டியூப்லைட்டை அணைத்தேன். இருக்கு. ஆம்ப்ளிஃபயரோடு ஒரே ப்ளக் போர்டில் இருந்த போன் சார்ஜரைப் பிடுங்கினேன். "ஆங், போயிடுத்து" என்று கையைத் தூக்கினார். காப்பி சாப்பிடச் சொன்னேன். ஏகாதசி நெருங்கறது, வேலை இருக்கு என்று எழுந்துகொண்டார்.

அவர் போன பிறகு சார்ஜரைச் செருகினேன். பிடுங்கினேன். மறுபடி செருகினேன். எனக்கு எல்லாம் ஒரே அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

மனைவி போன் செய்தாள். அவள் எதையும் கேட்பதற்கு முன்னால், "நீ எப்ப வர்ற?" என்றேன். அவள் போனதிலிருந்து அதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. திரையில் அவள் குழந்தையை இறக்கி விட்டுவிட்டு, தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள்.

"சத்தமா சொல்லும்மா" என்றேன். "எனக்குக் காது சரியா கேக்கறதில்ல."