கர்சீப் போட்ட சீட்டில் பொன்னி

கிள்ளை கிராமத்துப் பொன்னிக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். இறால் பண்ணையில் வேலை பார்த்தபோது முதலாளி "ஏய்" என்று கூப்பிட்டான் என்பதற்காகத் தீவன வாளியைக் குட்டையிலேயே கவிழ்த்துவிட்டுக் கரையேறியவள். கல்யாணமும் கட்டவில்லை. "ஒருத்தன்கிட்ட கைகட்டி நிக்க நமக்கு ஆவாது" என்பாள்.

இப்போது கடலூர் சிப்காட்டில் ஒரு பெயிண்டு கம்பெனியில், டப்பாவுக்கு மூடி போடும் காண்ட்ராக்ட் வேலை. பகல் முழுக்க நின்றுதான் செய்ய வேண்டும். சாயங்காலம் முட்டி வீங்கிவிடும். சிதம்பரம் போகும் கம்பெனி பஸ்ஸிலும் நின்றுதான் வரவேண்டும். சீட்டெல்லாம் பர்மனெண்ட் ஆட்களுக்கு. காலையில் இறங்கும்போதே கர்சீப்பைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஆள் பாதியில் லீவு போட்டுப் போனாலும் அவன் கர்சீப் சொகுசாக உட்கார்ந்து வரும். காண்ட்ராக்ட் பெண்கள் கம்பியில் தொங்கிக்கொண்டு வருவார்கள். எவன் போட்ட சட்டமோ!

அன்றைக்குக் கம்பெனியில் பயிற்சி. யாரையும் ஒதுக்காமல் வேலை செய்வது எப்படி என்று சொல்லித்தர சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். எல்லாரையும் கலந்து உட்காரச் சொன்னார். பொன்னிக்கு முதல் வரிசை, மெத்தை நாற்காலி. பக்கத்தில் சூப்பர்வைசர் சுப்பிரமணியன். போட்டோவுக்கு நன்றாகவே சிரித்தார்.

"உங்கள ஒதுக்கி வச்ச மாதிரி யாருக்காவது தோணியிருக்கா? தைரியமா சொல்லுங்க" என்றார் மேடம்.

பொன்னி வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து காண்ட்ராக்டர் தட்சிணாமூர்த்தி தொண்டையைச் செருமினார். அவர் வேண்டாம் என்றால் மறுநாள் கேட்டைத் தாண்ட முடியாது. வாயை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் நேராகப் போனாள். முன்சீட்டில் கிடந்த கர்சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சுப்பிரமணியன் ஏறினார். "ஏம்மா, அது என் சீட்டு."

"மத்தியானம் பக்கத்துலதான உக்காந்தீங்க சார்?"

"அது ட்ரெய்னிங்கு. எழுந்திரு."

"இந்தாங்க உங்க கர்சீப். அதுக்கு முட்டி வலிக்காது, எனக்கு வலிக்குது. பக்கத்துல காலியாத்தான் கெடக்கு, உக்காருங்க. கடிக்க மாட்டேன்."

பின்னால் பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். சுப்பிரமணியன் டிரைவரிடம் திரும்பினார். "நாசரு, இவள எறக்கி விடுய்யா."

"நான் வண்டி ஓட்டத்தான் வந்தேன் சார். ஆளத் தூக்கி எறக்க இல்ல" என்று கியரைப் போட்டார் நாசர்.

அவள் பக்கத்தில் உட்காரச் சுப்பிரமணியனுக்கு மனசு வரவில்லை. கம்பியைப் பிடித்தபடியே காண்ட்ராக்டருக்குப் போன் போட்டார். புதுச்சத்திரம் வரும்போது பொன்னியின் போன் அடித்தது.

"எழுந்து மன்னிப்பு கேளு. இல்லன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராத."

பஸ்ஸே அவள் வாயைப் பார்த்தது. இது போனால் வேறு வேலை வரிசையில் காத்துக் கிடக்கவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

"வருவேன். இதே பஸ்ஸுல உக்காந்துதான் வருவேன். நிறுத்தணும்னா மொதல்ல அந்தப் போட்டோவுலேருந்து என்ன வெட்டி எடுத்துட்டு நிறுத்துங்க."

போனை வைத்தாள். மாசமாயிருந்த லோகநாயகி கம்பியை விட்டு முன்னால் வந்தாள். "தள்ளி உக்காருக்கா."

சுப்பிரமணியன் சிதம்பரம் வரைக்கும் நின்றே போனார்.

மறுநாள் காலை கேட்டில் தட்சிணாமூர்த்தி காத்திருந்தார். பெண்கள் அத்தனை பேரும் பொன்னியை நடுவில் விட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். இவளை நிறுத்தினால் இன்றைக்கு மூடி போட ஆள் இருக்காது என்று அவருக்கு விளங்கிவிட்டது. போனில் ஏதோ பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.