நாலு பேருக்குக் கட்டிய கூண்டு வண்டி

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஆனி மாதம். அருவியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வருகிறேன், ஒரு கூண்டு வண்டியின் ஓரமாக ஒரு குடும்பம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் இரண்டு குழந்தைகள் போர்த்திக்கொண்டு தூங்கின. வீடே சக்கரத்தில் ஏறி வந்த மாதிரி! அந்த நிமிஷமே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

காலேஜ் முடித்துத் தென்காசியில் சும்மா இருந்த சமயம். கூடப் படித்த மூன்று பேரிடம் சொன்னேன். சிவகிரி வரை ஊர் ஊராய்த் தங்கிப் போய்வருவதென்று முடிவாயிற்று. எங்கள் இரட்டை மாட்டு வண்டியில், நாலு பேர் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு மூங்கில் பாயில் கூண்டு கட்டினேன். அதற்குள் ஒருவனுக்கு வேலை கிடைத்தது. ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மூன்றாமவன் சொல்லாமலே நின்றுவிட்டான். ரோஷத்தில் நான் தனியாகவே கிளம்பினேன்.

ஒற்றை ஆளாய் இரண்டு மாட்டைப் பூட்டுவதே பெரும் பாடு. தினமும் வழியில் போகிற யாரையாவது நுகத்தடியைப் பிடிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். பெரிய பானையில் ஒருபிடி அரிசி போட்டால் தீய்ந்துபோகும். பேச ஆளில்லாமல் மாடுகளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினேன், சிரிக்காதீர்கள்.

மூன்றாம் நாள் வாசுதேவநல்லூர் பக்கம் செவலைக் காளை நின்றுவிட்டது. நுகத்தை இறக்கினால் கழுத்து வீங்கிக் கொதிக்கிறது. அப்பா உழவுக்கு வைத்திருந்த மாடு. கழுத்து கெட்டால் இனி ஏருக்கு ஆகாது.

மரத்தடியில், ஊர் ஊராய்ப் போய்ப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தங்கியிருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். இருவரும் ஓடி வந்தார்கள். அவர் மாட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். டிரங்குப் பெட்டி, அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம் எல்லாம் முன்பக்கம், என் கைக்கு எட்டுகிற இடத்தில். பின்பாதி துடைத்து வைத்தாற்போலக் காலி.

"பின்னால எடம் போட்டு வச்சிருக்கீயளே, வார வழியில யாரும் ஏறுதாவளோ?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"ஏட்டி, சும்மா கெட," என்றார் அவர். பிறகு என்னிடம், "பாரம் பூராவும் மாட்டுக் கழுத்துலல்லா அய்யா உக்காந்திருக்கு."

வராதவர்களின் இடத்தில் ஒரு சாமானைக்கூட வைக்க எனக்கு மனசு வந்திருக்கவில்லை.

அந்த அம்மாள் மஞ்சளை அரைத்து, வெதுவெதுப்பான விளக்கெண்ணெயில் குழைத்துப் பற்றுப் போட்டாள். ஐந்து நாள் அங்கேயே கிடந்தேன். அவர்களுடையது ஒற்றை மாட்டு வண்டி. இருவரும் படுத்தால் கால் வெளியே நீளும். இடத்துக்காகச் சண்டை போடுவார்கள், உடனே சிரிப்புக் கேட்கும். என் கூண்டில், நான் படுக்காத பக்கத்தில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன்.

வீக்கம் வடிந்ததும் அவரே சாமான்களை அச்சுக்கு நேராக நகர்த்திவைத்தார். நான் வண்டியில் ஏறவே இல்லை. சிவகிரியை விட்டுவிட்டுத் தென்காசி வரை மாடுகளோடு நடந்தே திரும்பினேன். செவலை பிழைத்துக்கொண்டது, ஏரும் இழுக்கிறது. ஆனால் அதன் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மயிர் முளைக்கவில்லை. அதைத் தடவும்போதெல்லாம், என் ஏக்கத்தை ஒரு வாயில்லாப் பிராணி சுமந்ததே என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது தச்சரிடம் ஒற்றை மாட்டு வண்டி ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு ஆள் படுக்க, ஒரு பெட்டி வைக்க இடம் போதும். ஐப்பசி மழை விட்டதும் மறுபடி சிவகிரிக்குக் கிளம்புகிறேன். இந்தத் தடவை யாரையும் கூப்பிடப்போவதில்லை.