பட்டது போதும்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் அது வரும். பல்கலைக்கழகத்தில் காவலாளி முதல் துறைத்தலைவர் வரை எல்லோருக்கும் அவள் 'கடைசித் தேதி அக்கா'தான். தலை நரைத்த பேராசிரியர்கள்கூட அக்கா என்றே கூப்பிடுவார்கள். பயத்துக்கு வயசு தெரியாது.

ஆராய்ச்சி நிதிப் பிரிவில் அவள் உதவியாளர். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு தாளைச் சேர்த்து இழுக்கும் ஒரு பிரிண்டர், உயரமானவர் வந்தால் தலையில் இடிக்கும் சாய்ந்த கூரை. தலைவர் மாதம் ஒருமுறை கையெழுத்துப் போட வந்து போவார். மற்ற நாளெல்லாம் பிரிவு என்பதே அவள்தான்.

திங்கட்கிழமைதோறும் ஒரு பட்டியல் அனுப்புவாள். எந்த அறக்கட்டளை, எந்த அமைச்சகம் ஆராய்ச்சிக்கு நிதி தருகிறது, யார் கேட்கலாம், என்றைக்குள் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மற்றவர்கள் அறிவிப்பில் தொகையைப் பார்ப்பார்கள். அவள் அடிக்குறிப்பைப் பார்ப்பாள். 'நாற்பது வயதுக்குள்' என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். பிள்ளைப்பேறு விடுப்பு எடுத்தவர்களுக்கு இரண்டு ஆண்டு தளர்வு என்பது கீழே எறும்பு எழுத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த எறும்பைப் பிடித்தே மூன்று ஆசிரியைகளுக்கு வழி திறந்துவிட்டவள் அவள்.

தேதி விஷயத்தில் மட்டும் கூசாமல் பொய் சொல்வாள். பதினெட்டாம் தேதி முடிகிறது என்றால் பட்டியலில் பதினைந்து என்று போடுவாள். படித்தவர்களுக்கு வேலை ஓடுவது கழுத்தில் கத்தி வைத்தால்தான் என்பது அவள் அனுபவம். நாளடைவில் குட்டு வெளிப்பட்டு, 'இது அக்கா தேதியா, நிஜத் தேதியா?' என்று வாய்விட்டே கேட்க ஆரம்பித்தார்கள். மூன்று நாளை ஐந்தாக்கினாள். அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

இவ்வளவும் செய்தவளுடைய வேலை தற்காலிக வேலை. பதினோரு வருஷமாக ஆண்டுக்கொரு தடவை ஒற்றை வரிக் கடிதத்தில் நீட்டிக்கொண்டே வந்தார்கள். இந்த வருஷம் புதிய பதிவாளர் வந்தார். தற்காலிக இடங்களையெல்லாம் ஒரு குழு பரிசீலிக்கும், அந்த இடத்தில் இருப்பவர் தன் பணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும், குழுவுக்குத் திருப்தி இல்லையென்றால் இடமே எடுக்கப்படும் என்று சுற்றறிக்கை விட்டார். கொடுக்க வேண்டிய நாள் முப்பதாம் தேதி, மாலை ஐந்து மணி. சுற்றறிக்கையை நான்காக மடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தவள், அதன் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஊருக்கெல்லாம் தேதி சொன்னவள் தன் தேதியை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே போனாள்.

அவளுக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு. விலங்கியல் துறையில் கொசுவின் ரீங்காரத்தை ஆராய்பவர், அதனால் பெயர் கொசு சார். பேசினாலும் அதே சத்தம்தான் வரும், காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும். தெருவில் ஒரு சின்ன ஒலிவாங்கியை வைத்துவிட்டால் எந்தக் கொசு எவ்வளவு இருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடலாம் என்பது அவர் கண்டுபிடிப்பு. காய்ச்சல் பரவும் முன்பே எச்சரிக்கலாம். நல்ல வேலை. ஆனால் மூன்று தடவை நிதி கேட்டு மூன்று தடவையும் திரும்பி வந்தது.

சென்ற வருஷம் மூன்றாவது மறுப்பு வந்த அன்று, கூரையில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். இனி கேட்கப் போவதில்லை என்றார். அவள் விண்ணப்பத்தை வாங்கிப் பென்சிலோடு படித்தாள். 'கொசுக்கள் பிடிக்கப்பட்டன. ஒலி பதிவு செய்யப்பட்டது. வேறுபாடு கண்டறியப்பட்டது.' ஒவ்வொரு 'பட்டது'வுக்கும் ஒரு வட்டம் போட்டாள். ஐந்து பக்கத்தில் நாற்பத்தொரு வட்டம்.

"சார், இந்தக் கொசுவையெல்லாம் யாரு பிடிச்சது?"

"நான்தான். வேற யாரு கடி வாங்குவா?"

"இதுல உங்களையே காணோமே. ஏதோ காத்து வந்து பிடிச்ச மாதிரி இருக்கு."

மறுப்புக் கடிதத்திலும் அதுதான் இருந்தது. விண்ணப்பதாரரின் பங்கு என்னவென்று விளங்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அவர் நெளிந்தார். நான் பிடித்தேன், நான் கண்டுபிடித்தேன் என்று எழுதினால் தலைக்கனம் என்று நினைக்க மாட்டார்களா என்று கேட்டார். அடக்கமாக எழுதத்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம்.

"தலைக்கனம் இல்ல சார். பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிட்டா 'உள்ளேன்'னு சொன்னோமே, அவ்வளவுதான். சொல்லலைன்னா வரலைன்னுதானே போடுவாங்க? நீங்க பட்டது போதும். இனிமே தேன் போடுங்க."

"தேனா?"

"பிடித்தேன், அளந்தேன், செய்தேன்."

அவர் சிரித்தது அந்த அறைக்கு வெளியே கேட்டது. அதுவே அதிசயம். அதோடு, 'கேட்டேன்' தேனில் முடியவில்லையே என்று ஒரு சந்தேகத்தையும் கிளப்பினார். படித்தவர்கள் விட மாட்டார்கள். அதை மட்டும் மன்னிப்பதாக அவள் சொன்னாள். நாற்பத்தொரு இடத்தையும் மாற்றி, வேறொரு நிறுவனத்துக்கு அக்கா தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே அனுப்பினார். ஆறு மாதம் கழித்து நிதி கிடைத்தது. சேதி வந்த அன்று, தன் வீட்டுக்கே விளக்கேற்றி வைத்தது போல அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அழுதேவிட்டாள். பிரிண்டர் பக்கம் திரும்பி நின்றதால் யாரும் பார்க்கவில்லை.

முப்பதாம் தேதி மதியம் வேறு வழியில்லாமல் தன் இரண்டு பக்கத்தை எழுத உட்கார்ந்தாள். முந்தின நாளே அவள் கணவர், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், "ஊர்ல எல்லாருக்கும் நான் கண்ணாடி போட்டுவிடறேன், நீ மட்டும் போட மாட்டேங்கற. உனக்கு உன்னயே தெரியல" என்று சொல்லிப் பார்த்துவிட்டார். மூன்றரை மணிக்கு ஒருவழியாக முடித்தாள். நகல் எடுக்க வந்த கொசு சாரிடம், எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள் என்று நீட்டினாள்.

அவர் படித்தார். படித்துக்கொண்டே அவள் மேசையிலிருந்த பென்சிலை எடுத்தார். 'வாரந்தோறும் பட்டியல் அனுப்பப்பட்டது. விண்ணப்பங்கள் சரிபார்க்கப்பட்டன. ஆசிரியர்களுக்குத் தகவல் அளிக்கப்பட்டது.' வட்டம், வட்டம், வட்டம். அவளுக்கு முகம் சுட்டது.

"சார், நீங்க ஆராய்ச்சியாளர். நீங்க எழுதலாம். நான் கடிதம் அனுப்பறவ. நான் செஞ்சேன்னு எழுதினா சிரிப்பாங்க."

"இந்தக் கொசுவுக்குக் குரல் வந்ததே உங்களாலதான். அதுக்கு யாரும் சிரிக்கலையே." அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். "நீங்க பட்டது போதும்கா."

தன் வார்த்தையே தன்னைத் தேடி வந்து அடிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் நகல் எடுக்க வந்ததையே மறந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார். அவள் புதுத்தாள் எடுத்தாள். முதல் வரி எழுத அரைமணி நேரம் ஆனது. 'பதினோரு ஆண்டுகளில் அறுநூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்களை முதல் வரி முதல் கடைசி வரி வரை படித்தேன்.' எழுதிவிட்டுத் தானே ஒரு தடவை பார்த்தாள். பொய்யில்லை. அதன் பிறகு கை தானாக ஓடியது. அடிக்குறிப்பைப் படித்தேன், மூன்று ஆசிரியைகளுக்கு வழி கண்டுபிடித்தேன், தேதியை மாற்றிச் சொன்னேன், அதனால் ஒரு விண்ணப்பமும் தாமதமாகப் போகாமல் காத்தேன். பொய் சொன்னதையும் எழுதலாமா என்று கேட்டாள். அதுதான் முக்கியம் என்றார் கொசு சார்.

ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது மாடியேறிக் கொடுத்தாள். அத்தனை வருஷத்தில் அப்படி மூச்சிரைக்க ஓடி வந்த பேராசிரியர்களை எவ்வளவு திட்டியிருப்பாள் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. குழுவில் இருந்த இருவர் அக்கா தேதியால் பிழைத்தவர்கள் என்று பிற்பாடு தெரிந்தது. உறையைப் பிரித்தாள். ஒரே வரிதான். 'தங்கள் பணி நிரந்தரமாக்கப்பட்டது.'

பழக்கதோஷம், பென்சிலை எடுத்து அந்தப் 'பட்டது'வைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டாள். பிறகு ரப்பரைத் தேடி எடுத்து, வட்டத்தை மட்டும் மெதுவாக அழித்தாள்.