வல்புர்கா அத்தைக்கு வேண்டியிருந்த ஒரு மணி நேரம்

எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டும் வல்புர்கா அத்தையின் கணவர் மார்ச்சில் இறந்தார். அன்றிலிருந்து அவள் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் ஓயவில்லை. பேருந்தில் நாங்கள் நாற்பது பேர் போடும் கூச்சல் தனி. அதில் பாதி என் பங்கு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரம், அமைதிக் காலம் என்றும் சொல்லும் திருவருகைக் காலத்தில், எங்கள் ஊரில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் மூன்று மணிக்கு அடுத்த வீட்டார் வந்து எடுத்துப்போவார்கள். இந்த முறை மாதாவிடம் தனியாக ஒரு விஷயம் பேச வேண்டும், ஒரு மணி நேரம் போதும் என்று அத்தை நவம்பரிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். "அமைதிக் காலம்னு பேர மட்டும் வெச்சுட்டானுங்க" என்று கியர் மாற்றும்போதெல்லாம் முணுமுணுப்பாள்.

சுரூபம் வந்த மாலை, ஜெபம் முடிந்ததும் கிளம்பிவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லித்தான் வைத்திருந்தாள். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மசாலா ஒயினைக் குடித்துத் தீர்த்தார்கள். ஜெபத்துக்கு வாசிக்க வந்த ட்ரம்பெட்காரர்கள் மூவர் சமையலறையிலேயே நின்று ஊதினார்கள். எல்லாரும் போனபோது அத்தைக்கு நிற்கத் தெம்பில்லை.

மிச்சமிருந்தது மறுநாள் பேருந்தை நிறுத்திய பிறகு, ஒன்றரையிலிருந்து மூன்று வரை. சுரூபம் அடுத்துப் போக வேண்டியது ஒட்டீலியா வீட்டுக்கு. எதற்கும் முன்கூட்டியே வந்து நிற்கிறவள். "ரெண்டு மணிக்கே கார எடுத்துட்டு வந்துடறேன்டி, உனக்கெதுக்குச் சிரமம்" என்று காலையில் பேருந்து ஜன்னலில் தட்டிச் சொன்னாள். அத்தை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

பள்ளி விட்டதும் ஒட்டீலியா வீட்டருகே இறங்கி, சாலையோரம் குவிந்திருந்த உறைபனியையெல்லாம் அவள் கார் கொட்டகை வாசலில் தள்ளி அடைத்தேன். இடுப்பளவு. பிறகு சும்மா அத்தை வீட்டுப் பக்கம் போனேன்.

ஜன்னலில் இரண்டு மெழுகுவத்திகள் எரிந்தன. அத்தை உட்காரவே இல்லை. கடிகாரத்தையும் சாலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டேகாலுக்குப் பனி அள்ளும் மண்வெட்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"ஒட்டீலியா இன்னும் வரலடி. போனும் எடுக்கல. எங்கயாவது வழுக்கி விழுந்து கெடக்கறாளோ என்னவோ."

"வருவாங்க அத்தை. நீங்க போய் உக்காருங்க."

"அவ அங்க கெடந்தா நான் இங்க என்னத்த உக்கார்றது? இன்னொரு மண்வெட்டி மூலையில இருக்கு பாரு, எடு."

ஒட்டீலியாவின் கொட்டகை வாசலில் நான் போட்ட பனியை நானே அள்ளினேன். ஒட்டீலியா அந்தப் பக்கத்திலிருந்து அள்ளியபடி, சாலைப் பனியைத் தள்ளும் வண்டிக்காரன்தான் இப்படி அடைத்துவிட்டான் என்று திட்டிக்கொண்டிருந்தாள். மூன்றேகாலுக்குச் சுரூபம் அவள் காரில் ஏறிப் போனது.

"அடுத்த வருஷம் பேசிக்கறேன்" என்றாள் அத்தை, யாரிடமும் இல்லாமல். பிறகு என் தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, நல்ல பிள்ளைடி நீ என்றாள். பேருந்தில் பாதிக் கூச்சல் போடும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.